தொப்பிக்கு ஒதுங்கிய புரட்சி

தேயிலைத் தோட்டத்துக்கு விருந்தாளியாகப் போகிறவன் கையில் என்ன கொண்டுபோவான்? முறுக்கு கொண்டுபோகலாம், சமயபுரத்து விபூதி கொண்டுபோகலாம். நான் தேயிலை கொண்டுபோனேன். திருச்சியில் இருப்பதிலேயே உசத்தியான பொட்டலம் எதுவென்று கேட்டு இரண்டு வாங்கினேன். ஈரம் படாமல் வேட்டிக்குள் சுற்றிக் கடல் கடந்து, எந்த மலையில் முளைத்ததோ அந்த மலைக்கே கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

தலைமன்னாரில் சுங்க அதிகாரி பொட்டலத்தைக் கையில் எடுத்தார். மேலே ‘அசல் சிலோன் டீ’ என்று போட்டிருந்ததை வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார். பக்கத்து மேசைக்காரரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். எனக்குப் பின்னால் நின்ற வியாபாரி நான் கேட்காமலே மொழிபெயர்த்தார்: “இந்த ஆளச் சோதிக்க வேண்டாம், விட்டுடு, கடத்துற அளவுக்கு மூளை இல்லைங்கிறாரு.”

அப்பேர்ப்பட்ட மூளையை வைத்துக்கொண்டுதான் நான் அமெரிக்கச் சுதந்திரப் போரைப் பற்றி ஒரு நாடகம் எழுதியிருந்தேன். நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிகிற குமாஸ்தா நான். அமெரிக்காவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பழைய பள்ளிப் பாடப்புத்தகத்தில் எலி தின்றது போக மிஞ்சிய சில பக்கங்கள். வெள்ளைக்காரனை எதிர்த்து வெள்ளைக்காரனே போராடினான், துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டினான், கடைசியில் ஜெயித்தான். இது போதாதா ஐந்து அங்கத்துக்கு? தளபதியின் உண்மைப் பெயர் என் அடுக்குமொழிக்கு மசியவில்லை. அதனால் ‘வீரவில்லியம்’ என்று நானே ஒருவனைப் பெற்றெடுத்துப் பெயரும் வைத்துவிட்டேன், அது என் உத்தியோகந்தானே. இங்கிலாந்து ராஜா அரண்மனையை விட்டு அசையவே இல்லை என்று புத்தகம் சொன்னது. வில்லன் மேடைக்கு வராமல் எப்படி? அவரைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கே வரவழைத்தேன். கிரீடம் இல்லாத சபாக்களின் வசதிக்காகத் தலையில் ஒரு தொப்பி வைத்தேன். கடைசிக் காட்சியில் வீரவில்லியம் அந்தத் தொப்பியைத் தட்டிவிட்டுச் சுதந்திரப் பிரகடனம் செய்வான், திரை விழும்.

திருச்சியில் எந்தச் சபாவும் அதைத் தொடவில்லை. உலகத்திலேயே அதை மேடையேற்றத் துணிந்த ஒரே கூட்டம், இலங்கையில் லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து வாசிகசாலைக்காரர்கள். யாரோ உறவினர் மூலமாக ஒரு பிரதி அவர்கள் கையில் சிக்கியிருக்கிறது. ‘ஆசிரியரே நேரில் வந்து ஒத்திகை பார்த்துத் தர வேண்டும்’ என்று எழுதினார்கள். தபால் தலையின் ஈரம் காய்வதற்குள் நான் கிளம்பிவிட்டேன்.

தலவாக்கலையில் ரயிலைவிட்டு இறங்கியபோது மல் ஜிப்பாவும் வேட்டியுமாக இருந்தேன். திருச்சியில் மார்கழியென்றால் மின்விசிறியை ஒரு புள்ளி குறைப்போம். குளிரைப் பற்றி எனக்கு இருந்த ஞானம் அவ்வளவுதான். இங்கே பல் தாளம் போட்டது. ஸ்டேஷன் வாசலிலேயே ஒரு குரங்குக் குல்லா வாங்கி மாட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு யாரும் என்னை நாடகாசிரியர் என்று சந்தேகிக்கவில்லை.

லிந்துலை பஸ் ஒரு வளைவில் ஏற மாட்டேன் என்று நின்றுவிட்டது. ஆண்கள் எல்லாரும் இறங்கித் தள்ளினோம். கண்டக்டர் சிங்களத்தில் உரக்க ஏதோ கத்தினார்; தள்ளியவர்கள் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். பக்கத்தில் தள்ளிக்கொண்டிருந்தவரிடம் என்னவென்று கேட்டேன். “குல்லாக்காரர ஏறி உக்காரச் சொல்றாருங்க. நீங்க தள்ளலியாம், சாஞ்சுக்கிட்டு இருக்கீங்களாம்.”

முத்துவேலு குடையோடும் ஒரு கம்பளியோடும் பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தார். தோட்டத்து ஃபேக்டரியில் கொழுந்து அரைக்கிற இயந்திரத்தில் வேலை. முப்பது வயது இருக்கும். அகன்ற தோள், கணீரென்ற குரல். நான் பெற்றெடுத்த வீரவில்லியம் இவரேதான். என்னைத் தன் லயத்துக்கு அழைத்துப் போனார். லயம் என்றால் ரயில் பெட்டி போல ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள். ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை, அதைக் காம்பரா என்கிறார்கள், முன்னால் கையகல இடம். வாசலில் அவர் மனைவி பாக்கியம். அப்போதுதான் கொழுந்து பறித்துவிட்டு வந்திருந்தாள், கூடை இறக்கிய கயிற்றின் தடம் நெற்றியில் இருந்தது.

நான் என் அன்பளிப்பைப் பெருமையோடு எடுத்து நீட்டினேன். அவள் வாங்கிப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள். இருவரும் எவ்வளவோ அடக்கிப் பார்த்தார்கள். பக்கத்துக் காம்பராவில்தான் முதலில் சிரிப்பு வெடித்தது.

“ஏங்கய்யா, எங்க ஊருக்கு வர்றப்ப தண்ணியும் மொண்டுக்கிட்டு வந்தீங்களா?” என்று கேட்டுக்கொண்டே பாக்கியம் பொட்டலத்தின் மூலையைப் பிரித்து மோந்தாள். சிரிப்பு நின்றது. “இது நல்ல தூளுங்க. பெட்டியில அடைச்சு அனுப்பத்தான் பாத்திருக்கோம். எங்களுக்குக் குடுக்கிறது கூட்டி அள்ளுன தூசுதான்.” பொட்டலத்தைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். “நல்ல நாளைக்கு ஆகும்.”

பிறகு கோதுமை ரொட்டியும் சம்பலும் வந்தன. தேங்காயும் மிளகாயும் வெங்காயமும் இடித்த அந்தச் சம்பலைத் தொட்டு மூன்றாவது ரொட்டியைத் தின்னும்போதுதான், இந்த ருசி எதனால் என்று விசாரித்தேன். மாசியாம். மாசி என்றால் காயவைத்த மீனாம். சைவம் தவறாத பரம்பரையில் வந்தவன் நான். ஆனால் அதற்குள் அந்த மீனுக்கு என் வயிற்றில் குடியுரிமை கிடைத்துவிட்டது. இந்த நாட்டில் வேறு பலருக்கு அது அவ்வளவு சுலபமாகக் கிடைப்பதில்லை என்பது பிற்பாடு தெரிந்தது.

மறுநாள் சாயங்காலம் ஒத்திகை. இடம் பிள்ளைக்காம்பரா, அதாவது தாய்மார் மலைக்குப் போயிருக்கும்போது குழந்தைகளை விட்டுவைக்கிற அறை. தொங்குகிற ஏணைத் தொட்டில்களுக்கு நடுவே குனிந்து குனிந்து அமெரிக்கப் படை அணிவகுத்தது. என் நாடகத்தை அவர்கள் ஏற்கெனவே கொஞ்சம் திருத்தியிருந்தார்கள். முதல் காட்சியில் அமெரிக்கர்கள் அதிகாலையில் தப்புச் சத்தம் கேட்டு எழுந்து, பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்று, பேர் கூப்பிட்டதும் வேலைக்குப் போனார்கள். “அமெரிக்காவுல பெரட்டு கிடையாதே?” என்றேன். “பெரட்டு இல்லாம ஆளுங்கள எப்படிங்கய்யா வேலைக்கு அனுப்புவாங்க?” என்றார்கள். என் பாடப்புத்தகத்தில் அந்தப் பக்கத்தை எலி தின்றிருந்தது. விட்டுவிட்டேன்.

இங்கிலாந்து ராஜாவாக நடித்தவர் கறுப்பையா. தோட்டத்தை நடத்துகிற வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் பூந்தோட்ட வேலை செய்பவர். பூனைக்குக்கூட வழிவிட்டு நடக்கிற சாது. ஆனால் ராஜா வேஷம் அவருக்குத்தான் என்று ஏகமனதாக முடிவாகியிருந்தது. தொப்பி அவரிடம் இருந்ததே காரணம். துரை போட்டுக் கழித்த அசல் துரைத் தொப்பி.

தொப்பியில்லாமல் கறுப்பையா நின்றவரை முத்துவேலு சிங்கமாகக் கர்ஜித்தார். ஏணைகள் ஆடின. என் எழுத்தில் இவ்வளவு வீரம் இருக்கிறதா என்று நானே அசந்துபோனேன். “பிரமாதம்! இப்போ ராஜா தொப்பியோட வரட்டும்” என்றேன்.

கறுப்பையா வெளியே போய்த் தொப்பியை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தார்.

அமெரிக்கப் படை முழுவதும் தலைத்துண்டைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கியது. வீரவில்லியமும்தான்.

ஒரு கணம் கழித்து அவர்களுக்கே வெட்கமாகிச் சிரித்தார்கள். மறுபடி செய்தார்கள், மறுபடி ஒதுங்கினார்கள். துரை வருகிற பாதையில் யாரும் நிற்கக்கூடாது என்பது அந்தத் தோட்டத்து வழக்கம். குடை பிடித்தவர் குடையை மடக்க வேண்டும், துண்டு கட்டியவர் துண்டை எடுக்க வேண்டும், ரோட்டைவிட்டு ஓரத்துக் கானில் இறங்கி நிற்க வேண்டும். மழைத்தண்ணீர் ஓடுவதற்காக வெட்டிய இடுப்பாழ வாய்க்காலைத்தான் கான் என்கிறார்கள்.

“கறுப்பையா அண்ணன்தான்னு நல்லாத் தெரியுதுங்கய்யா” என்றார் முத்துவேலு, தன் கால்களைக் குனிந்து பார்த்தபடி. “காலுக்குத் தெரிய மாட்டேங்குது.”

நான் விடவில்லை. சுதந்திர மனிதன் எப்படி நிற்பான் என்று நின்று காட்டினேன். நெஞ்சை நிமிர்த்து, தாடையைத் தூக்கு, பார்வையை இறக்காதே. குரங்குக் குல்லாவோடு அப்படி நின்றது எப்படி இருந்திருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன். அன்று யாரும் சொல்லவில்லை, மரியாதை தெரிந்தவர்கள்.

அடுத்த நாள் மத்தியானம் முத்துவேலுவும் பாக்கியமும் நானும் கடைக்குப் போய்விட்டுத் தோட்டத்து ரோட்டில் திரும்பிக்கொண்டிருந்தோம். தூறல். நான் இரவல் குடை பிடித்தபடி, இந்தியா எப்படிச் சுதந்திரம் வாங்கியது என்று விளக்கிக்கொண்டு வந்தேன். வளைவுக்கு அப்பால் ஜீப் சத்தம். முன்னால் போனவர்கள் சரசரவென்று இறங்கினார்கள். ஜீப் கடந்து போனது. உள்ளே ஒரு தொப்பி மட்டும் தெரிந்தது. சத்தம் தேய்ந்த பிறகு நான் எங்கே நிற்கிறேன் என்று பார்த்தேன். இந்தியக் குடியரசின் பிரஜையாகிய நான் முழங்கால் தண்ணீரில் கானுக்குள் நின்றேன். குடை மடங்கியிருந்தது. குல்லா கையில் இருந்தது.

“ஐயாவுக்குச் சீக்கிரமே பழகிருச்சு” என்றாள் பாக்கியம்.

புதிதாகப் பழகியது என்று அவள் நினைத்தாள். எங்கள் நகராட்சியில் கமிஷனர் வராந்தாவில் வரும்போது நான் கழிப்பறைக்குள் ஒதுங்கி மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற வரலாறு அவளுக்குத் தெரியாது.

நாடகத்தன்று காலை ரொட்டி சுட்டுக்கொண்டே பாக்கியம் கேட்டாள்: “அந்தத் தொப்பி தட்டுற எடத்த எடுத்துருங்களேன்யா.”

“அத எடுத்தா நாடகமே இல்லம்மா. அமெரிக்காவுக்குச் சுதந்திரம் கெடைக்கிறதே அங்கதான்.”

“அமெரிக்காவுக்குக் கெடைக்கட்டுங்க. இவருக்குப் பேரு வெட்டிருவாங்களே!”

அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. பெரட்டுக் களத்தில் நாடகம் போடத் துரை அனுமதி தந்திருக்கிறார். தானும் பார்க்க வருகிறார். அவர் எதிரில், அவர் போட்டுக் கழித்த தொப்பியை ஒரு கூலிக்காரன் தட்டிவிட்டால்? பெரட்டில் பேர் வெட்டினால் வேலை போய்விடும். வேலை போனால் லயத்துக் காம்பரா போய்விடும்.

“பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டிருக்கோம், இந்தக் காம்பரா விலாசத்துல” என்றாள் பாக்கியம். “விசாரிக்க வர்றவன் வந்து பாக்கிறப்ப இங்க வேற ஆளு இருந்தா, எங்களக் கப்பல்ல ஏத்திருவாங்க. இவரு பொறந்தது இங்க. நான் பொறந்தது அடுத்த தோட்டத்துல. இந்தியாவுல எங்க போய் எறங்குறது? உங்க வீட்டுலயா?”

எங்கள் வீட்டில் நானே குழாயடிப் பக்கத்துத் தாழ்வாரத்தில்தான் படுக்கிறேன். அதைச் சொல்லவில்லை. “கலைன்னு வந்துட்டா...” என்று ஆரம்பித்தேன். ஊருக்குத் திரும்புகிற டிக்கெட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பேசுகிறவனின் வீரத்துக்கு ஒரு தனி மிடுக்கு உண்டு. முத்துவேலு நடுவில் புகுந்தார்.

“தட்டுனாத்தானே குத்தம்? தட்ட மாட்டேன் புள்ள, பயப்படாத.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

என் கிளைமாக்ஸ் ரொட்டிக் கல்லுக்குப் பக்கத்திலேயே செத்தது. நான் துக்கத்தோடு இன்னொரு ரொட்டி கேட்டேன்.

மத்தியானம் பெரட்டுக் களம் நிறைந்துவிட்டது. மலையிலிருந்து மூட்டம் இறங்கி மேடைக்கு இலவசமாகத் திரை போட்டது. முன்னால் இரண்டு நாற்காலி, துரையும் துரைசானியும். அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்க வேண்டுமே, லயத்துத் தூசைக் கொடுக்க முடியுமா? சாமி படத்துக்குப் பக்கத்திலிருந்த என் பொட்டலம் இறங்கியது. துரை ஒரு வாய் குடித்துவிட்டுப் புருவத்தை உயர்த்தி, தனக்குத் தெரிந்த தோட்டத் தமிழில், “நல்ல டீ! நம்ம டீ?” என்று கேட்டார். பெரட்டில் பேர் கூப்பிடுகிற கணக்கப்பிள்ளை குனிந்து “நம்ம டீதாங்க தொரை” என்றார். இரண்டு தடவை கடல் கடந்து வந்தது என்று சொல்ல நாக்கு துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன்.

அமெரிக்கர்கள் தப்புச் சத்தத்துக்கு எழுந்து பெரட்டுக்கு நின்றபோது துரை வாய்விட்டுச் சிரித்தார். பாக்கியத்தின் நீலச் சேலையை இரண்டு பேர் பிடித்து ஆட்ட, பாஸ்டன் துறைமுகம் அலையடித்தது. ஃபேக்டரியின் உடைந்த தேயிலைப் பெட்டிகளைத் தூக்கி வந்து, உள்ளேயிருந்த காய்ந்த மானாப்புல்லைக் கடலில் கொட்டினார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்: “கொட்டுங்க ராசா, கொட்டுங்க! கூட்டிப் பெருக்க நாங்க இருக்கோம்ல!”

கடைசிக் காட்சி. இங்கிலாந்து ராஜா தொப்பியோடு கம்பீரமாக மேடையில் தோன்றினார். இரண்டடி வைத்தார். எதிரில் நாற்காலியில் இருந்த துரையைப் பார்த்தார். சட்டென்று தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, “சலாமுங்க தொரை” என்று கும்பிட்டுவிட்டு மேடையோரம் ஒதுங்கி நின்றார்.

களம் குலுங்கியது. துரைசானி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நான் ஓரத்திலிருந்து, “ராஜாவே, நிமிருய்யா! தொப்பியப் போடு!” என்று கிசுகிசுத்தேன்.

“தொரை இருக்காருங்க” என்று பதில் கிசுகிசுத்தார் இங்கிலாந்து மன்னர். மறுபடி குனிந்து கும்பிட்டதில் தொப்பி நழுவி மேடையின் நடுவே உருண்டது.

முத்துவேலு அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். தட்டுவதற்கு இனி ஒன்றுமில்லை. திரையை இழுக்கச் சொல்லலாம் என்று நான் கையை உயர்த்தினேன். அதற்குள் அவர் குனிந்து தொப்பியை எடுத்தார். புழுதியைத் தட்டினார். தன் தலையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

சிரிப்பு நின்றுவிட்டது. முன்வரிசையில் நின்ற சிலர் தங்களை அறியாமலே தலைத்துண்டை எடுத்தார்கள், தங்கள் கூட வேலை செய்கிற முத்துவேலுவுக்கு.

என்னுடைய பிரகடனம் இரண்டு பக்கம். மலைகளே, அலைகளே, சிங்கமே, சங்கமே என்று போகும். அதில் ஒரு வரிகூட அவர் பேசவில்லை. துரை உட்கார்ந்திருந்த பக்கமாகப் பார்த்துச் சாதாரணமாகச் சொன்னார்: “ராஜாவே, இது நாங்க பொறந்த மண்ணு. எங்க பேர நீங்க எழுதினாலும் இங்கதான் இருப்போம். வெட்டினாலும் இங்கதான் இருப்போம்.” அவ்வளவுதான். தொப்பியைக் கழற்றவில்லை.

துரை எழுந்தார். நிதானமாகக் கை தட்டினார். “வெரி குட்” என்றார். தன் தொப்பியைப் போட்டுக்கொண்டு துரைசானியோடு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

அந்த ‘வெரி குட்’டுக்கு அன்று லயம் முழுவதும் அர்த்தம் தேடியது. இங்கிலீஷ் தெரிந்தவன் என்று என்னிடம் திரும்பத் திரும்ப வந்து கேட்டார்கள். “ரொம்ப நல்லதுன்னு அர்த்தம்” என்றேன். “அது தெரியுங்க, யாருக்கு?” என்றார்கள். பாக்கியம் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். “தட்டலியே புள்ள” என்று முத்துவேலு ஒருமுறை சொன்னார். அவள் பார்த்த பார்வையில் அமெரிக்கா இன்னும் நூறு வருஷம் அடிமையாக இருந்திருக்கும்.

காலையில் தப்புச் சத்தம் கேட்டதும் நானும் பெரட்டுக்குப் போனேன். என் பேரை யாரும் கூப்பிடப் போவதில்லை. ஆனாலும் வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டேன். கணக்கப்பிள்ளை ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். ஃபேக்டரி ஆட்களின் பேரெல்லாம் முடிந்தது. முத்துவேலு பேர் வரவில்லை. பாக்கியம் கூடைக் கயிற்றை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். கொழுந்தெடுக்கிறவர்கள் பேர் முடிந்தது. புல் வெட்டுகிறவர்கள் பேரும் முடிந்தது.

“முத்துவேலு!”

“இருக்கேங்க.”

“ஃபேக்டரிக்குப் போக வேண்டாம். கான் வெட்டு.”

துரை சொன்னதா, கணக்கப்பிள்ளையே துரைக்காகச் செய்ததா, யாருக்கும் தெரியவில்லை. மழையிலும் குளிரிலும் சேற்றில் நின்று மண்வெட்டி பிடிக்கிற வேலை. ஃபேக்டரியின் கதகதப்பு இனி இல்லை. ஆனால் பேர் இருந்தது. பாக்கியம் மூச்சை விட்டாள், கயிற்றை நெற்றியில் சரிசெய்தாள், மலையேறிப் போனாள். போகும்போது என்னிடம், “அடுப்புல ரொட்டி இருக்கு, தின்னுட்டுக் கெளம்புங்க” என்றாள். அதில் ‘கெளம்புங்க’ மட்டும் சற்று அழுத்தமாகக் கேட்டது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு, குல்லா மாட்டி, குடை பிடித்துத் தோட்டத்து ரோட்டில் இறங்கினேன். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. வளைவருகே முத்துவேலு கானுக்குள் நின்று மண்ணை வெட்டி மேலே எறிந்துகொண்டிருந்தார். ஓரம் நூல் பிடித்ததுபோல் இருந்தது. நான் ரோட்டில் நின்று அவரிடம் சொல்வதற்கு ஒரு பேச்சைத் தயார்செய்து வைத்திருந்தேன். என்னால்தானே இதெல்லாம், மன்னிக்க வேண்டும், ஆனாலும் நேற்று நீங்கள் நின்ற நிலை இருக்கிறதே, என்று ஆரம்பித்து மலைகளே, அலைகளே வரை போகக்கூடிய பேச்சு. “முத்துவேலு, சுதந்திர மனுஷன்னா...” என்று தொடங்கினேன்.

ஜீப் சத்தம் கேட்டது.

அது கடந்து போன பிறகு கண்ணைத் திறந்தேன். குடை மடங்கியிருந்தது. குல்லா கையில் இருந்தது. பெட்டி எங்கோ மிதந்தது. பக்கத்தில் முத்துவேலு, தலையில் கட்டிய துண்டு கட்டியபடியே இருக்க, மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என் கால்களைப் பார்த்தார்.

“இப்பத்தான் வெட்டுன கானுங்க, மிதிக்காம மேல ஏறுங்க.”